ராக் ஆம் ரிங் விழாவுக்கு முதன்முறை, அதுவும் தனியாக: முன்னால் நிற்கலாமா?

கேள்வி: நெல்லை மாணவன் (ஆஹென்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியின் ஆஹென் நகரில் இயந்திரப் பொறியியல் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. வருகிற ஜூன் மாதம் நூர்பர்க்ரிங் கார்ப் பந்தயத் தடத்தில் நடைபெறும் ராக் ஆம் ரிங் இசை விழாவுக்கு மூன்று நாள் நுழைவுச்சீட்டும் கூடாரமடிக்கும் அனுமதியும் வாங்கிவிட்டேன். உடன் வருவதாக இருந்த அறைத்தோழருக்கு அதே வாரத்தில் தேர்வு வந்துவிட்டதால் தனியாகத்தான் செல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விழாவின் மேல் எனக்குள்ள பற்று இங்கே வந்த பிறகு ஏற்பட்டதல்ல. பத்தாம் வகுப்பு படிக்கும்போது, 2004-ஆம் ஆண்டு லிங்கின் பார்க் குழு இதே விழாவில் நிகழ்த்திய இசை நிகழ்ச்சியின் காணொளியை அண்ணனின் கைப்பேசியில் பார்த்தேன். அந்தக் கைப்பேசியின் ஒலிபெருக்கி பழுதாகியிருந்ததால், ஒரே ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து கேட்டோம். மேடைக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தலைகள் ஒரே நேரத்தில் எழும்பி இறங்கியதைப் பார்த்தபோது, அந்தக் கூட்டத்தில் வாழ்நாளில் ஒருமுறையாவது நின்றுவிட வேண்டும் என்று தோன்றியது. 2017-இல் அக்குழுவின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்த செய்தி வந்த நாளில் அண்ணனும் நானும் அந்தக் காணொளியை மீண்டும் எடுத்து, முழுவதும் பார்க்க முடியாமல் பாதியில் நிறுத்தினோம்.

ஆகவே முன்வரிசையில் நின்று பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் மேடைக்கு முன்னுள்ள பகுதி இரும்புத் தடுப்புகளால் பிரிக்கப்பட்டிருக்கும் என்றும், உள்ளே சென்றுவிட்டால் வெளியே வருவது எளிதல்ல என்றும் சிலர் சொல்கிறார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் பல ஆண்டுகள் வடம் பிடித்தவன் என்பதால் கூட்டம் எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் அதுவும் இதுவும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது காது. சென்ற குளிர்காலத்தில் கொலோன் நகரில் ஓர் அரங்கத்துக்குள் நடந்த கச்சேரியில் ஒலிபெருக்கிக்கு அருகில் இரண்டரை மணி நேரம் நின்றேன். வெளியே வந்தபோது பனியில் நடப்பவர்களின் காலடி ஓசைகூட என் காதில் விழவில்லை. வலது காதில் சில்வண்டு போன்ற ஓர் இரைச்சல் இரண்டு நாள்கள் நீடித்தது. இப்போது சரியாகிவிட்டது. அப்படிப்பட்ட காதுடன் மூன்று நாள்கள் தொடர்ந்து கேட்கலாமா?

அந்தத் தடம் இருக்கும் ஐஃபெல் மலையின் மழையைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். நான் சைவ உணவு மட்டுமே உண்பவன். ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் கூட்டம் என்றாலே அச்சம். அவரிடம் என்ன சொல்லிவிட்டுச் செல்வது என்பதும் என் கவலைகளில் ஒன்று. நேரில் சென்று வந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: கோப்ளென்ஸ் செவிலி

தம்பி, தனியாகச் செல்வதைக் குறித்துக் கவலைப்பட வேண்டாம். கூடாரத்தை அடித்து முடிப்பதற்குள் பக்கத்துக் கூடாரத்துக்காரர் சுத்தியல் கேட்டு வந்துவிடுவார். மாலைக்குள் நீங்கள் அவர்களில் ஒருவராகிவிடுவீர்கள். நான் முதலில் சென்றபோது என்னுடன் இருந்தவர்கள் என் மருத்துவமனைத் தோழிகள் இருவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் நான் சந்திக்கச் சென்றதெல்லாம் முந்தைய ஆண்டு அந்தப் புல்வெளியில் அறிமுகமானவர்களைத்தான்.

நீங்கள் முன்வரிசையைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் வானிலையைப் பற்றித்தான் முதலில் எழுதுவேன், ஏனென்றால் அந்த மூன்று நாள்களில் எது நடக்கும், எது நடக்காது என்பதை முடிவு செய்வது அதுதான். பந்தயத் தடம் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே இருக்கிறது. பகலில் தோல் கருகும் அளவுக்கு வெயில் அடித்த அதே நாளில், விடியற்காலை மூன்று மணிக்குப் பற்கள் கிட்டிக்கும் குளிர் இருக்கும். ஜூன் மாதம்தானே என்று மெல்லிய போர்வையுடன் வருபவர்களில் பலர் முதல் இரவிலேயே நடுங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து டிகிரி வரை தாங்கும் தூக்கப் பை ஒன்றையும், அதைவிட முக்கியமாக அடியில் விரிக்கும் மெத்தை விரிப்பு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும்.

2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகள் இந்த விழா நூர்பர்க்ரிங்கில் நடக்காமல், மெண்டிக் என்ற ஊரின் பழைய இராணுவ விமானத்தளத்தில் நடந்தது. இரண்டு ஆண்டுகளிலும் மின்னல் தாக்கி மக்கள் காயமடைந்தார்கள். முதல் ஆண்டில் முப்பதுக்கும் மேற்பட்டோர். 2016-இல் எழுபதுக்கும் மேற்பட்டோர். அந்த 2016-ஆம் ஆண்டு வெள்ளிக்கிழமை மாலை நான் அங்கே இருந்தேன். மேற்கே வானம் கருநீலமாகி, காற்று திடீரென்று நின்றது. கூடாரங்களுக்கு மேல் நட்டிருந்த கொடிகள் எல்லாம் துவண்டு தொங்கின. எல்லோரும் வாகனங்களுக்குள் சென்றுவிடுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்களுக்கு அருகிலிருந்த பத்துப் பதினைந்து பேர், மழைதானே வருகிறது என்று, இரும்புக் கால்கள் கொண்ட பந்தல் ஒன்றின் கீழே ஒதுங்கினார்கள். செவிலியாக வேலை பார்ப்பவள் என்பதால் எனக்குப் பொறுக்கவில்லை. போய் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து எழுப்பி, என் காரிலும் அடுத்தடுத்த கார்களிலும் ஏற்றினோம். ஐந்து பேர் அமரும் காரில் எட்டுப் பேர் ஒன்றரை மணி நேரம் அடைந்து கிடந்தோம். கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் அந்த ஆவி மட்டும் வெள்ளையாக எரிந்து அணைந்தது.

மறுநாள் விழா நெடுநேரம் நிறுத்தி வைக்கப்பட்டு, இரவில் வானம் விட்டதும் சில மணி நேரம் இசை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு உள்ளூர் நிர்வாகம் அனுமதி தரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே ஓராண்டு காத்திருந்த நான், ஒரு பாட்டும் கேட்காமல் முழங்கால்வரை சேற்றுடன் வீடு திரும்பினேன். வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் அந்த முடிவு சரியானது என்பதில் எனக்கு இன்றுவரை ஐயமில்லை. ஆகவே ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: வெளியேறச் சொன்னால், உங்களுக்கு விருப்பமான குழு மேடையில் நின்றுகொண்டிருந்தாலும் வெளியேறிவிடுங்கள். மின்னலைக் கண்டபின் முப்பது நொடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். துணிக் கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல. மூடிய உலோக வாகனமே பாதுகாப்பு. நீங்கள் காரில் வரப் போவதில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் கார் வைத்திருக்கும் பக்கத்துக் கூடாரத்தாரிடம் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம்.

உணவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு வறுவல், ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை எல்லாம் கிடைக்கும். முதல் ஒன்றரை நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். ஊறுகாயைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துச் செல்லாதீர்கள், கூடாரத் திடலுக்குள் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. அம்மா அனுப்பியிருந்த ஆவக்காயை நான் வாயிலில் வைத்துவிட்டு வந்தது இன்றும் மனதை உறுத்துகிறது.

இதைப் படிக்கும் தங்கைகளுக்கு ஒரு செய்தி. ஜெர்மனியில் பல விழாக்களில், யாராவது தொல்லை கொடுத்தாலோ மனம் ஒப்பாத சூழலில் அகப்பட்டாலோ, அருகிலிருக்கும் பணியாளரிடம் சென்று "பனாமாவுக்கு வழி எது?" என்று கேட்டால் போதும். எந்த விளக்கமும் கேட்காமல் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்வார்கள். நீங்கள் செல்லும் விழாவில் அந்த ஏற்பாடு உண்டா என்பதை முன்கூட்டியே விழாவின் அறிவிப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.


பதில் 2: ஒலிமேசைக்காரன் (கொலோன்)

நண்பரே, நான் சென்னையில் கோயில் திருவிழாக்களுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டித் தொழில் கற்றவன். இப்போது பத்து ஆண்டுகளாக இங்கே மேடை ஒலியமைப்பில் வேலை பார்க்கிறேன். உங்கள் காதைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள்.

இரண்டு நாள்கள் நீடித்த இரைச்சல் உங்கள் உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் அளவுக்கு மீறி வதைபட்டதன் அடையாளம். அவை களைத்து மீள்வதும் உண்டு, மீளாமல் இறந்துபோவதும் உண்டு. இறந்தவை மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. கேட்டல் சரியாகிவிட்டது என்று நமக்குத் தோன்றினாலும் உள்ளே சிறிது இழப்பு இருக்கலாம். ஆகவே விழாவுக்கு முன் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் சென்று ஒருமுறை கேட்டல் சோதனை செய்துகொள்ளுங்கள். இனி எப்போதாவது இரைச்சல் ஒரு நாளைத் தாண்டினால், தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஜெர்மனியில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஒலி அளவு பற்றிய நெறி ஒன்று உண்டு. கேட்பவர்கள் நிற்கக்கூடிய இடங்களிலேயே மிகச் சத்தமான இடத்தில், அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒலியைச் சமன்செய்யும் ஒலிமேசையில் எங்கள் கண்ணுக்கு முன்னால் அந்த எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் 99 என்பது காதுக்குத் தீங்கற்ற அளவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பணியிடங்களுக்காக வகுத்த பரவலான கணக்கின்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி என்று இறங்கிக்கொண்டே வந்தால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் கிடைக்கும். நீங்களோ ஒரு நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அங்கே நிற்கப் போகிறீர்கள்.

காதடைப்பான் போட்டால் இசை கெட்டுவிடும் என்று பலர் மறுப்பதைக் கேட்டிருக்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண நுரைப்பஞ்சு அடைப்பான்கள் கூர்மையான ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவும் வெட்டுவதால் இசை மங்கலாகக் கேட்பது உண்மைதான். இசைக் கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்த அடைப்பான்கள் எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிக்கும். நுழைவுச்சீட்டின் விலையோடு பார்த்தால் அவற்றின் விலை மிகச் சிறியது. நுரைப்பஞ்சுதான் கிடைத்தது என்றால் அதைச் சரியாகப் பொருத்துங்கள். இரு விரல்களுக்கிடையே ஊசி போல் மெல்லியதாக உருட்டிக்கொண்டு, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் காதுத் துளை நேராகும். அப்போது உள்ளே செலுத்தி, அது விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்கியிருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அடைப்பான் பாதி வேலைகூடச் செய்யாது. நன்றாகப் பொருந்தினால் இருபது டெசிபல் குறையும். 99 என்பது 79 ஆகிவிடும். மூன்று நாளும் நிம்மதியாகக் கேட்கலாம்.

நிற்கும் இடத்தைப் பற்றியும் கேட்டீர்கள். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்: முன்வரிசையில் இசை நன்றாகக் கேட்காது. பெரிய ஒலிபெருக்கிக் கோவைகள் உங்கள் தலைக்கு மேலாகப் பின்கூட்டத்தை நோக்கித் தொங்குகின்றன. முன்வரிசைக்காரர்களுக்கு மேடை விளிம்பிலுள்ள சிறு பெட்டிகளும், நேர் எதிரே அடுக்கியிருக்கும் தாழ்தொனிப் பெட்டிகளும்தான் துணை. விலா எலும்பு அதிரும், ஆனால் பாடகரின் குரல் அமுங்கிப்போகும். எங்கள் ஒலிமேசை இருக்கும் கோபுரத்துக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டிலிருந்து இரண்டடி விலகி நின்றால் நாங்கள் கேட்டுச் சமன்செய்வதையே நீங்களும் கேட்பீர்கள். திடலின் பின்பகுதியிலும் தனிக் கோபுரங்களில் ஒலிபெருக்கிகள் இருக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளியுள்ள கோபுரத்துக்கு நாங்கள் 0.3 நொடி தாமதம் கொடுத்து இரண்டையும் ஒன்றுசேர்க்கிறோம். காற்று பலமாக அடித்தால் அந்தத் தூரத்தில் சுருதியே அலைவது போலக் கேட்கும். அப்போது முன்னால் நகர்ந்து வாருங்கள்.

பாடகரின் முகத்தைப் பார்ப்பதற்காக ஒரு மணி நேரம், பாட்டைக் கேட்பதற்காக மீதி நேரம் என்று பிரித்துக்கொள்வதே என் வழக்கம்.


நெல்லை மாணவன்

அக்காவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. வடிகட்டி வைத்த அடைப்பானை இன்றே வாங்கிவிட்டேன். மருத்துவரிடமும் நேரம் குறித்திருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை இரவு வரும் குழு நான் பள்ளி நாளிலிருந்து காத்திருக்கும் குழு. அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் எப்படியாவது முதல் தடுப்புக்கு உள்ளே நிற்க விரும்புகிறேன். அதற்குரிய முறை என்ன?


பதில் 3: ஓபர்ஹவுசன் தகப்பன்

மகன், நான் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்தவன். அறுபது வயதை அண்மித்துக்கொண்டிருக்கிறேன். றொக் இசை எனக்கு என் மகளிடமிருந்து வந்தது. உங்கள் தேர் பற்றிய கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த் திருவிழாவுக்கு நாங்கள் ஒவ்வொரு வருடமும் குடும்பமாகப் போவோம். ஆயிரக்கணக்கான சனம் வரும். ஆனால் தேர்வடம் பிடிக்கும் சனம் ஒரே திசையில் நகரும். எல்லோர் கண்ணும் தேரில் இருக்கும். கட்டை போடுபவர் கையைத் தூக்கினால் வடம் தளர்ந்துவிடும். மேடைக்கு முன்னால் நிற்கும் கூட்டத்துக்கு அப்படி நகர்வதற்கு இடமில்லை. பின்னால் நிற்பவர் ஓரடி முன்னால் வருவார். அவருக்குப் பின்னால் ஆயிரம் பேர் அதே ஓரடியை வைப்பார்கள். முன்னுக்கு நிற்பவருக்கு என்ன நடக்கிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்தாறு பேருக்கு மேல் வந்துவிட்டால், தனி மனிதர் நினைத்தபடி நிற்கவோ நகரவோ முடியாது. கூட்டமே தண்ணீரைப் போல அசையத் தொடங்கும். 2000-ஆம் ஆண்டு டென்மார்க்கில் றொஸ்கில்ட விழாவில் ஒன்பது இளைஞர்கள் இறந்தது அப்படித்தான். 2010 யூலை 24 அன்று, எங்கள் வீட்டிலிருந்து சிறு தூரத்தில், டுயிஸ்பேர்க் லவ் பரேட் விழாவில் 21 பேர் இறந்தார்கள். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே சரிவுப் பாதையை வைத்திருந்தார்கள். அந்த மாலை முழுவதும் எங்கள் தெருவுக்கு மேலால் ஹெலிகொப்டர்கள் போய்க்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

இதைச் சொல்வது உங்களைத் தடுப்பதற்காக அல்ல. நீங்கள் கேள்விப்பட்ட இரும்புத் தடுப்புகள் கூட்டத்தை அடைத்து வைப்பதற்காகப் போடப்பட்டவை அல்ல. பின்னாலிருந்து வரும் அழுத்தத்தைப் பகுதி பகுதியாக முறிப்பதற்காகவே போடப்பட்டவை. இங்கே அதற்கு 'அலை முறிப்பான்' என்றே பெயர். ஒவ்வொரு பகுதிக்கும் கொள்ளும் அளவு சனத்தைத்தான் உள்ளே விடுவார்கள், நிரம்பியதும் மூடுவார்கள், ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம். ஆகையால் உங்கள் குழு வருவதற்கு இரண்டு நிகழ்ச்சிகளுக்கு முன்பே பக்கவாட்டு வாயிலால் உள்ளே போய்விடுங்கள். போவதற்கு முன் கழிப்பறைக்குப் போய், தண்ணீர் குடித்துவிடுங்கள், ஏனென்றால் வெளியே வந்தால் உங்கள் இடம் போய்விடும். நடுவில் நிற்காமல், தடுப்பின் ஓரமாகப் பக்கவாட்டில் நில்லுங்கள். வெளியேறும் வழி எது என்பதை உள்ளே நுழைந்தவுடனேயே கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் கூடினால் கைகளை மடித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு விரிவதற்கு இடமிருந்தால்தான் மூச்சு விடலாம். வருகிற தள்ளலை எதிர்த்து நிற்காமல் அதனுடன் போய், அது தளரும் கணத்தில் ஓரத்தை நோக்கிச் சரிவாக இரண்டடி நகருங்கள். மறுபடி தள்ளல் வந்தால் மறுபடி அப்படியே செய்யுங்கள். முடியாவிட்டால் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லுங்கள். தூக்கிவிடுவார்கள், தலைகளுக்கு மேலாக உங்களை முன்னுக்கு அனுப்பி, மேடைக்கும் தடுப்புக்கும் இடையிலுள்ள பாதையில் காவலர்கள் இறக்கி எடுப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நான் ஏன் அங்கே போகத் தொடங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டு யூன் 2, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் மஞ்செஸ்ரரில் இசை நிகழ்ச்சி முடிவில் குண்டு வெடித்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. என் மகள் றொக் அம் றிங்கில் இருந்தாள்; அன்றிரவு ராம்ஸ்ரைன் குழு பாட இருந்தது. ஒன்பது மணிபோலப் பயங்கரவாத எச்சரிக்கை காரணமாகத் திடலை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு நானும் மனைவியும் மாறி மாறி அவளுக்குத் தொலைபேசி எடுத்தோம், இணைப்பே கிடைக்கவில்லை. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "அப்பா, நடந்து போய்க்கொண்டிருக்கிறோம், ஒருவரும் ஓடவில்லை." எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட சனம் இடிபடாமல், பாடிக்கொண்டே கூடாரங்களுக்குத் திரும்பியது. மறுநாள் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் விழா மீண்டும் தொடங்கியது. வீட்டுக்கு வா என்று நான் சொன்னேன். எல்லோரும் திரும்ப உள்ளே போகும்போது தான் மட்டும் வெளியே வர விரும்பவில்லை என்று அவள் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது; அதன் பிறகு அது மாறிவிட்டது.

மறு வருடம் அவளுடன் நானும் போனேன். ஆட்கள் வட்டமாக ஓடி ஒருவரையொருவர் மோதும் இடத்துக்கு வெளியே நின்றிருந்தேன். மெலிந்த பெடியன் ஒருவன் கால் இடறி விழுந்தான். அவன் முதுகு நிலத்தில் பட்ட அந்த நொடியே நான்கு பேர் கைகளை அகல விரித்து அவனைச் சுற்றி வேலி போல நின்றார்கள்; ஐந்தாவது ஆள் அவனைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கி, கழன்ற சப்பாத்தை எடுத்து உயரப் பிடித்து, இது யாருடையது என்று சத்தமாகக் கேட்டான். சப்பாத்து அவன் காலில் ஏறும் மட்டும் அந்த வேலி கலையவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது நடந்தது. நீங்களும் உள்ளே நின்றால், விழுந்தவரைத் தூக்குவதுதான் உங்கள் முதல் வேலை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் ஒன்றையும் ஒளிக்க வேண்டாம். எந்த நேரத்தில் தொடர்புகொள்வீர்கள் என்று முன்னரே சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் அழைப்புப் போகாமல் இருக்கலாம், குறுஞ்செய்தியும் பிந்தி வரலாம் என்பதையும் விளங்கப்படுத்துங்கள். காத்திருக்கும் தாய் தகப்பனுக்கு "இருக்கிறேன்" என்ற ஒரு சொல் போதும்.


நெல்லை மாணவன்

ஐயா, தங்கள் பதிலை அப்படியே அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சப்பாத்து கிடைக்கும்வரை வேலி கலையவில்லை என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இந்திய நேரப்படி காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் செய்தி அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். சனிக்கிழமை இரவு மட்டும் முதல் தடுப்புக்குள் பக்கவாட்டில் நிற்பேன். மற்ற நேரங்களில் ஒலிமேசைக்கு முன்னால்தான். அண்ணனுக்கும் சொல்லியிருக்கிறேன், அவர் பழைய இயர்போனைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அக்கா, கூடாரம் அடிக்கும் இடத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுத முடியுமா? வியாழக்கிழமை மதியமே சென்றுவிடுவேன்.


கோப்ளென்ஸ் செவிலி

மதியமே செல்வது நல்லது தம்பி, இடம் தேர்ந்தெடுக்கலாம். சரிவின் அடியில் புல் பசுமையாகவும் தரை சமமாகவும் இருப்பதைப் பார்த்து மயங்கி விடாதீர்கள். மழை பெய்தால் மேலேயுள்ள தண்ணீர் முழுவதும் அங்கேதான் வந்து நிற்கும். சரிவின் நடுப்பகுதிக்கு மேலே, தலைமாடு மேட்டுப் பக்கம் இருக்கும்படி அடியுங்கள். காற்றும் மழையும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும், ஆகவே வாசல் கிழக்கு நோக்கி இருக்கட்டும். கழிப்பறைக்கு ஐம்பது அடிக்குள் வேண்டாம். மண்ணுக்கு அடியில் கல் அதிகம் என்பதால் கூடாரத்துடன் வரும் மெல்லிய முளைகள் வளைந்துவிடும். எட்டு இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியலை எல்லோரும் கேட்டு வருவார்கள். கொடுங்கள்.